நான்கு வயதில் கருப்பனுக்கு ஏன் நரை?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டு நாட்டு நாய் கருப்பனுக்கு நான்கு வயது முடியப்போகிறது. கண் திறக்காத குட்டியாக எடுத்து வந்ததால் வயதில் சந்தேகம் இல்லை. மூக்கிலிருந்து வால் நுனி வரை கன்னங்கரேல் என்று இருந்தவன். சில மாதங்களாக மோவாயிலும் உதட்டோரத்திலும் வெள்ளை முடி வருகிறது. இப்போது கண்ணுக்கு மேலேயும் ஒன்றிரண்டு தெரிகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடி விளையாடுகிறான். இடி, வேட்டுச் சத்தம் என்றால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், வெளியே எடுக்கவே முடியாது. எங்கள் தெருவில் கோயில் இருப்பதால் அடிக்கடி வேட்டு போடுவார்கள். எனக்கு 29 வயது. எனக்கும் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. "நீ கவலைப்படுறதைப் பார்த்து அதுவும் கவலைப்பட்டு நரைச்சுப் போச்சு" என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா அவனுக்குக் கரிசலாங்கண்ணி எண்ணெய் தடவச் சொல்கிறார். அவனுக்கு அதற்குள் வயதாகிவிட்டதா? இது நோயா? நாய்க்கும் நமக்கும் நரைப்பது ஒரே காரணத்தாலா?

ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் உங்களை உறுத்துகிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கருப்பன் கிழவனாகிவிடவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நோய்க்கான அடையாளமும் தெரியவில்லை. நாய்களுக்குப் பொதுவாக ஐந்து வயதைத் தாண்டித்தான் நரை கண்ணில் படும் என்றாலும், இரண்டு மூன்று வயதிலேயே மோவாய் வெளுத்துவிடுகிற நாய்களும் உண்டு. சிகிச்சைக்கு வருகிற நாய்களில் அப்படிப்பட்டவற்றை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம் இருக்கிறது. வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் என்கிறீர்கள். எனக்கு நரையைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கவும் இடம் உண்டு. அதற்கு முன், முடி எப்படி நரைக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடைசிக் கேள்விக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணெய்க்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

கருப்பனின் மோவாயிலிருந்து ஒரு கறுப்பு முடியையும் ஒரு வெள்ளை முடியையும் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் நோயோடு வரும் நாய்களுக்கு நாங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் இது. கறுப்பு முடியின் தண்டுக்குள் மெலனின் என்கிற நிறமித் துகள்கள் வெளிச்சம் நுழைய முடியாதபடி நெருக்கமாக அடைந்திருக்கும். வெள்ளை முடியின் தண்டு உள்ளே எதுவும் இல்லாமல் தெளிவாக இருக்கும். மற்றபடி தண்டு, மேலே மூடியிருக்கும் செதில்கள், அடியில் இருக்கும் வேர் எல்லாமே ஒழுங்காக இருக்கும். நிறம் மட்டும் உள்ளே வந்து சேரவில்லை. சாம்பல் நிறத்துக்கென்று தனியாக ஒரு நிறமி கிடையாது. கறுப்பு முடியும் வெள்ளை முடியும் நிறம் குறைந்த முடியும் பக்கத்தில் பக்கத்தில் வளரும்போது தூரத்திலிருந்து நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த மெலனின் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். மஞ்சளும் செம்மையும் தருவது ஃபியோமெலனின். கருப்பனின் கறுப்பிலும் உங்கள் கூந்தலின் கறுப்பிலும் இருப்பது ஒரே யூமெலனின்தான். அதைச் செய்வது முடியின் வேரடியில் இருக்கும் நிறமிச் செல்கள். முடியை வளர்க்கிற செல்கள் வேறு, அதற்கு நிறம் கொடுக்கிற செல்கள் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் நரையைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நிறமிச் செல் போய்விட்டாலும் முடி பாட்டுக்கு வளரும். வெளிநாட்டுப் பண்ணைகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் அடையாளம் இடுவதற்கு இந்த வித்தியாசத்தையே பயன்படுத்துகிறார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குப் பதிலாக, திரவ நைட்ரஜனில் குளிர வைத்த உலோக எழுத்தைத் தோலில் சில நொடிகள் அழுத்துவார்கள். அந்தக் குளிரில் நிறமிச் செல்கள் செத்துவிடும். முடியை வளர்க்கும் செல்கள் பிழைத்துக்கொள்ளும். சில வாரங்களில் கறுப்பு உடம்பில் அந்த எழுத்து வெள்ளை முடியாக முளைத்து வரும். கழுத்துப்பட்டை உரசிப் புண்ணாகி ஆறிய இடத்தில் சில நாய்களுக்கு வெள்ளைக் கோடு விழுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

இனி வயதுக்கு வருவோம். முடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. கொஞ்ச காலம் வளரும், பிறகு ஓய்வெடுக்கும், பிறகு உதிர்ந்து அதே குழியிலிருந்து புதிது முளைக்கும். நம் தலைமுடிக்கு வளரும் காலம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை. மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். பெரும்பாலான நாய்களுக்கு இது தலைகீழ். அவற்றின் முடி வளர்வதைவிட ஓய்வில் இருக்கும் காலமே அதிகம். அதனால்தான் நாய் முடி ஓரளவு நீளத்துக்கு மேல் போவதில்லை. ஒரு சுற்று முடியும்போது, வேரடியில் வேலை செய்த நிறமிச் செல்களும் அதோடு முடிந்துவிடும். அடுத்த சுற்றுக்குப் புதிதாக நிறமிச் செல்கள் வேண்டும். அவை முடிக்குழியின் பக்கச் சுவரில் சற்று மேலே இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து வருகின்றன. அறுவடையில் ஒரு பங்கை விதைநெல்லாக எடுத்து வைப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த ஸ்டெம் செல்களும் அந்த மாதிரிதான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விதைப்புக்குப் போகும், மீதி அடுத்த முறைக்கு இருப்பில் இருக்கும். இருப்பு தீர்ந்த குழியில் அதன் பிறகு முளைக்கிற முடிக்கு நிறம் இல்லை.

ஜப்பானிய விஞ்ஞானி எமி நிஷிமுராவும் உடன் வேலை செய்தவர்களும் 2005-ல் சயின்ஸ் இதழில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எலிகளிலும் வயதான மனிதர்களின் முடிக்குழிகளிலும் இந்த ஸ்டெம் செல் இருப்பு படிப்படியாகக் குறைவதை அவர்கள் பார்த்தார்கள். சில செல்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே தப்பான நேரத்தில் நிறமிச் செல்லாக மாறிவிடுவதையும் கண்டார்கள். 2023-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மயூமி இட்டோவின் குழு இன்னொரு வழியையும் காட்டியது. இந்த ஸ்டெம் செல்கள் முடிக்குழிக்குள் இங்கும் அங்கும் நகர்ந்துதான் வேலை செய்கின்றன. எலிகளுக்கு வயதாக ஆக அவற்றில் பல ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. செல் செத்துப்போகாமலே உபயோகமற்றுப் போகிறது. இதோடு இன்னொன்றும் நடக்கிறது. முடிக்குழியில் இயல்பாகவே ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் உருவாகும், அதைச் சிதைக்க கேட்டலேஸ் என்ற நொதி இருக்கும். நரைத்த முடியில் அந்த நொதி குறைந்து பெராக்சைடு சேர்ந்துவிடுவதை பிரிட்டனில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2009-ல் கண்டார்கள். கடையில் முடியை வெளுக்க வாங்குகிற அதே பொருள்தான்.

ஆக, ஒரே காரணமா என்ற உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகச் சொன்னால், ஆமாம், அடிப்படை வேலை ஒன்றுதான். அதே நிறமி, அதே மாதிரி நிறமிச் செல்கள், அதே மாதிரி முடிக்குழி. நமக்குப் பெரும்பாலும் காதோரமும் நெற்றியோரமும் முதலில் நரைக்கும். நாய்க்கு மோவாயும் உதட்டோரமும் முதலில் வெளுத்து, அடுத்து கண்ணைச் சுற்றி ஏறும், உடம்புக்குப் பரவுவது கடைசியில்தான். கருப்பனுக்கு நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அப்படியே இதுதான்.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது. அதில் நிறத்தை வேரிலிருந்து மாற்றவோ திரும்ப எடுத்துக்கொள்ளவோ உடம்பால் முடியாது. கறுப்பாக இருந்த முடியே ஒரே ராத்திரியில் வெள்ளையாக மாறிவிட்டது என்று கதை சொல்வார்கள். பிரெஞ்சு ராணி மரி அந்த்வானெத்துக்கு 1793-ல் கில்லட்டினில் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய இரவில் அப்படி நடந்ததாகப் பலர் இன்றும் நம்புகிறார்கள். அப்படி நடக்க வழியே இல்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையில் புழுவெட்டு மாதிரியான நோயால் கறுப்பு முடி மட்டும் சீக்கிரம் கொட்டிப்போனால், மீதி இருக்கும் வெள்ளை திடீரென்று வந்ததாகத் தெரியும். ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து வரும் என்பதும் சரியில்லை. ஒரு குழியின் நரை பக்கத்துக் குழிக்குப் பரவாது. ஆனாலும் பிடுங்காதீர்கள். பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் குழி கெட்டுப்போய் முடியே வராமல் போகலாம்.

எப்போது நரைக்கும் என்பதில் பெரும்பங்கு பரம்பரைக்கு. லத்தீன் அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, நரையோடு தொடர்புடைய ஐஆர்எஃப்4 என்ற மரபணுவை 2016-ல் முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். நாய்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கெர்ரி புளூ டெரியர் குட்டி கறுப்பாகப் பிறந்து இரண்டு வயதுக்குள் நீலச் சாம்பலாகிவிடும். வெள்ளிநிற பூடில் நாய்களும் கறுப்பாகப் பிறப்பவைதான். அதற்கும் முதுமைக்கும் சம்பந்தம் இல்லை. குதிரைகளிலும் கருமையாகப் பிறந்து ஆறேழு வயதில் முழுவெள்ளை ஆகிற வகை உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை சுவீடனின் உப்சாலாவில் 2008-ல் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் நாய்களில் ராஜபாளையம் பிறவியிலேயே வெள்ளை, ஆகவே நரைத்தாலும் தெரியாது. கறுப்பும் செம்பழுப்புமான கன்னி நாய்க்கும், செந்நிற உடம்பில் கரிய மூஞ்சி வைத்த கோம்பைக்கும் ஒரு வெள்ளை முடி வந்தால்கூட எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும். முழுக் கறுப்பான உங்கள் கருப்பனுக்கும் அதே கதிதான். வெளிர் நிற நாய்க்கு இதே அளவு நரை வந்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். கருப்பனோடு பிறந்த குட்டிகள் பக்கத்தில் எங்காவது வளர்ந்தால் அவற்றின் மோவாயையும் ஒருமுறை பாருங்கள். அங்கேயும் வெளுப்பு இருந்தால் பெரும்பாலும் பரம்பரை விஷயம்தான்.

நரையை வைத்து வயதைக் கணக்குப் போடுவதும் அவ்வளவு நம்பகமானது அல்ல. 2020-ல் சிம்பன்சிகளின் முகப் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், நடுவயது வரை கூடிக்கொண்டு போன நரை அதற்கு மேல் வயதோடு சேர்ந்து கூடவில்லை என்று கண்டார்கள். நாய் வயதை ஏழால் பெருக்குகிற கணக்கையும் விட்டுவிடுங்கள். ஒரு வயது நாய் குட்டி போடும், ஏழு வயதுப் பிள்ளை அப்போதுதான் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது? வயது தெரியாத நாய் வந்தால் நாங்கள் முதலில் பல்லைத்தான் பார்ப்போம், அதிலும் முன்வெட்டுப் பற்களின் தேய்மானத்தை.

சரி, கவலைக்கும் நரைக்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது.

2020-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யா-சியே ஷூ தலைமையிலான குழு எலிகளில் இதை ஆராய்ந்தது. கடும் அழுத்தத்துக்கு ஆளான கறுப்பு எலிகள் வெளுத்தன. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது, அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலை. அந்த ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் எலி நரைத்தது. கடைசியில் பிடிபட்டது நரம்பு. பயத்திலும் வலியிலும் உடம்பை ஓடவோ எதிர்க்கவோ தயாராக்குகிற நரம்புகள் ஒவ்வொரு முடிக்குழிவரை வந்து முடிகின்றன. அங்கே அவை நார்அட்ரினலின் என்கிற ரசாயனத்தைக் கொட்டியதும், இருப்பில் இருந்த ஸ்டெம் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறமிச் செல்களாக மாறி இடத்தைவிட்டுப் போய்விட்டன. சில நாட்களில் இருப்பு காலி. பஞ்சத்தில் விதைநெல்லையும் குத்திச் சாப்பிட்டுவிட்ட வீட்டுக்கு அடுத்த போகம் எங்கிருந்து வரும்?

நாய்களில் நடந்த ஆய்வு அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. 2016-ல் அமெரிக்காவில் கமில் கிங் என்பவரும் விலங்கு நடத்தை அறிஞர் டெம்பிள் கிராண்டின் உள்ளிட்டோரும் சேர்ந்து, ஒன்று முதல் நான்கு வயது வரையிலான 400 நாய்களைப் பார்த்தார்கள். வெள்ளை, வெளிர் நிற நாய்களைச் சேர்க்கவில்லை. மூஞ்சியைப் படமெடுத்து, அந்த நாய்களை முன்பின் பார்த்திராதவர்களிடம் கொடுத்து நரையை 0 முதல் 3 வரை மதிப்பிடச் சொன்னார்கள். வளர்ப்பவர்களிடம் நாயின் குணத்தைப் பற்றித் தனியாகக் கேள்விகள் கேட்டார்கள். பதற்றம் அதிகமான நாய்களுக்கும், அடக்கமில்லாமல் துள்ளுகிற நாய்களுக்கும் நரை அதிகமாக இருந்தது. பெரிய சத்தத்துக்குப் பயப்படுகிற நாய்களும் புதிய மனிதர்களையும் விலங்குகளையும் கண்டு பயப்படுகிற நாய்களும் அப்படியே. பெண் நாய்களுக்கு ஆண் நாய்களைவிட நரை கூடுதலாக இருந்தது. நாயின் உருவத்துக்கும் நரைக்கும் தொடர்பு தெரியவில்லை, கருத்தடை செய்ததற்கும் தெரியவில்லை.

இந்த ஆய்வு பயமும் நரையும் சேர்ந்திருந்ததைச் சொல்கிறது. பயம்தான் நரைக்க வைத்தது என்று நிரூபிக்கவில்லை. ஆகவே கருப்பனின் நரை வேட்டுச் சத்தத்தால் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பரம்பரையாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஆனால் இளம் வயதில் மூஞ்சி வெளுத்த நாய் ஒன்று வந்தால் அதன் பயங்களைப் பற்றிக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை. நீங்களோ கேட்கும் முன்பே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் கவலை அவனுக்குத் தொற்றுமா? அதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் தலைமுடியையும் எடுத்து, அதில் படிந்திருந்த கார்ட்டிசாலை அளந்தார்கள். முடி வளர வளர ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசால் அதில் சேர்ந்துகொண்டே போவதால், சில மாதங்களின் கணக்கு அதில் இருக்கும். வளர்ப்பவருக்கு அதிகம் இருந்தால் நாய்க்கும் அதிகம் இருந்தது. நாய் நம்மைப் பார்த்து நடப்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வு நரையைப் பற்றியது அல்ல. உங்கள் கவலையால் அவனுக்கு நரை வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இந்தப் பழியை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் காதோர நரையைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தைகள். நான் கால்நடை மருத்துவர், ஆகவே விரிவாகப் பேசுவது முறையல்ல. ஆசியர்களில் 25 வயதுக்கு முன் வந்தால்தான் தோல் மருத்துவர்கள் அதை இளநரை என்கிறார்கள். 29 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எப்போது தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். களைப்பு, உடல் எடை மாற்றம், கை கால் மரத்துப்போவது போன்றவை கூடவே இருந்தால், ஒரு மருத்துவரிடம் பி12, தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். சுத்த சைவம் என்றால் பி12 கட்டாயம். கவலை தீர்ந்தால் நரை கறுக்குமா என்றால், கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2021-ல் 14 பேரின் முடிகளை நுணுக்கமாகப் பார்த்து, சில முடிகள் மறுபடி நிறம் பெற்றதைக் காட்டினார்கள். ஒருவர் விடுமுறைக்குப் போன காலத்தில் அவருடைய ஐந்து முடிகள் கறுப்புக்குத் திரும்பியிருந்தன. வெளுக்கத் தொடங்கிய கட்டத்தில் இருந்த முடிகள் அவை. பல வருடம் நரைத்துக் கிடந்த தலை கறுக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். கரிசலாங்கண்ணி எண்ணெய் உங்கள் தலைக்கு நல்லதாக இருக்கலாம், வறட்சி போகும், கொஞ்சம் கருமையும் ஒட்டும். தோலுக்கு அடியில் இருப்பு தீர்ந்த குழியில் ஸ்டெம் செல்லை அது உண்டாக்காது. நாயின் மோவாயில் தடவினால் அடுத்த நிமிடம் நக்கிவிடும், மீதியில் தெருப்புழுதி ஒட்டும். தீங்கு பெரிதாக இல்லை, பயன் சுத்தமாக இல்லை. ஆனால் மனிதர்களுக்கான தலைச் சாயத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பாராஃபினைலின்டயமின் தோலைப் புண்ணாக்கும், நக்கி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகளிலும் அதைக் கலக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தயிர்ச்சோறும் ரசச்சோறும் மட்டும்தான் என்றால் முட்டை, மீன், கோழி ஏதாவது சேருங்கள். மெலனின் செய்ய டைரோசின் என்கிற அமினோ அமிலமும் தாமிரமும் வேண்டும். தாமிரம் குறைந்த மாட்டுக்குக் கண்ணைச் சுற்றி முடி வெளுத்து மூக்குக்கண்ணாடி மாட்டின மாதிரி இருக்கும், கிராமத்தில் வேலை செய்த கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான முகம் அது. புரதம் போதாத கறுப்பு நாய் நரைக்காது, செம்பட்டை பாயும். அதனால் கருப்பனின் முதுகு முடியை வெயிலில் வைத்துப் பாருங்கள். கருமை குறையாமல் இருந்தால் புரதக் குறை இருக்க வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

நோய் என்று சந்தேகப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். மூக்கின் கறுப்புத் தோலே திட்டுத்திட்டாக வெளுத்து, கூடவே கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுருக்கினால் அது அவசரம். கண்ணையும் நிறமிச் செல்லையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோயாக இருக்கலாம், தாமதித்தால் பார்வை போய்விடும். அகிட்டா, சைபீரியன் ஹஸ்கி போன்ற இனங்களில் இது அதிகம். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, தின்னாமலே எடை கூடினால் தைராய்டைப் பார்க்க வேண்டும். கருப்பனுக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. அடுத்த வெறிநாய்த் தடுப்பூசிக்குப் போகும்போது மூஞ்சியை ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள், போதும்.

இனி கட்டிலுக்கு அடியில் நடப்பதற்கு. இதைச் சரிசெய்தால் வெளுத்த முடி கறுக்காது. ஆனால் கோயில் தெருவில் வாழ்கிற நாய்க்கு வருடம் முழுக்க நீளும் வேதனை இது, இதற்குத்தான் வைத்தியம் வேண்டும். நாயின் காது நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை. வேட்டு எப்போது வெடிக்கும் என்றும் அவனுக்குத் தெரியாது. வேட்டுக்குக் கொஞ்சம் முன்பே, மேளச் சத்தம் கேட்டதுமே, அவன் கொட்டாவி விடுகிறானா, உதட்டை நக்குகிறானா, ஓடாமலே மூச்சிரைக்கிறானா, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பயம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவனை இழுக்காதீர்கள். அது அவன் தேடிக்கொண்ட இடம். அங்கே ஒரு பழைய போர்வையைப் போட்டு, கட்டிலின் ஓரம் மறைய இன்னொன்றைத் தொங்கவிட்டு, சன்னலை மூடி, மின்விசிறியை வேகமாக வைத்து, டிவியையும் கொஞ்சம் சத்தமாக ஓடவிடுங்கள். அவன் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள். தடவினால் பயம் கூடிவிடும் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. அதட்டுவதும் கட்டிப்போடுவதும்தான் பயத்தைக் கூட்டும். திருவிழா நாட்களில் மாலை நடையை முன்கூட்டியே முடித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பயந்து ஓடி வழி தவறுகிற நாய்கள் அந்த நாட்களில்தான் அதிகம், அதனால் கழுத்துப்பட்டையில் உங்கள் செல்பேசி எண் இருக்கட்டும்.

நீண்ட நாள் வைத்தியம், சத்தத்துக்குப் பழக்குவது. வேட்டு இல்லாத மாதங்களில்தான் இதைச் செய்ய வேண்டும். செல்பேசியில் வெடிச் சத்தத்தைப் பதிந்து, அவன் காது லேசாக அசையும் அளவுக்கு மட்டும், மிக மெல்ல ஓடவிடுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் உடனே அவனுக்கு உயிரான ஏதாவது ஒன்று, வேகவைத்த கோழித்துண்டு மாதிரி, வாய்க்கு வர வேண்டும். சத்தம் முந்தி, கோழி பிந்தி. இந்த வரிசை மாறக்கூடாது. சில நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள். கோழியைத் தின்னாமல் விலகினான் என்றால் சத்தம் அதிகம், குறைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். அவன் சத்தத்தைக் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு படி கூட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுங்குகிறான், எச்சில் வடிக்கிறான், கதவைப் பிறாண்டுகிறான் என்றால் மருந்து உண்டு. டிராசடோன், கேபாபென்டின் போன்றவை பதற்றத்தைக் குறைக்கும். அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கிற தூக்கமாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். பழைய பழக்கத்தில் அசிப்ரோமசின் மட்டும் எழுதிக் கொடுத்தால், வேறு ஏதாவது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அது உடம்பை அசையவிடாமல் செய்யுமே தவிர பயத்தைக் குறைப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் ஓடாமல் ஒரு மாதம் முன்பே போங்கள். அவன் கட்டிலுக்கு அடியில் நடுங்குவதைச் செல்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மருத்துவமனை மேஜையில் அவன் வேறு மாதிரி இருப்பான். முதல் மாத்திரையைத் திருவிழா அன்று கொடுக்க வேண்டாம். சத்தமில்லாத ஒரு நாளில் கொடுத்து, எத்தனை நேரத்தில் வேலை செய்கிறது, தள்ளாடுகிறானா, வாந்தி எடுக்கிறானா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.